அம்மாவுக்குச் சமநிலைப் பயிற்சி வீடியோ தேடுகிறீர்களா? பாதம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. நடக்கும்போது கொஞ்சம் தடுமாறுகிறார். வீட்டிலேயே வீடியோ பார்த்துச் செய்யக்கூடிய மென்மையான சமநிலைப் பயிற்சிகள், மூட்டு அசைவுப் பயிற்சிகள் எதைப் பரிந்துரைப்பீர்கள்?

உங்கள் அம்மா இருக்கும் நிலையில் மூன்று வருடத்துக்கு முன்னால் நான் இருந்தேன். எனக்கு இப்போது 64 வயது. தடுமாறுகிறார் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், அதனால் அவர் இன்னும் விழவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். விழுவதற்கு முன்பே கேட்டீர்களே, அதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் விழுந்தது படியிலோ ஈரத் தரையிலோ இல்லை. வாசலில் நின்றபடி ஒரு காலைத் தூக்கிச் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் மாட்டுகிறேன். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், தலையைத் திருப்பினேன், அவ்வளவுதான். கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

எலும்பை நன்றாகவே சேர்த்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறையில் டாக்டர் கேட்ட கேள்வி எல்லாமே என் மகனிடம்தான். "எப்படி விழுந்தாங்க?" என்று அவனைக் கேட்டார். அவன் அன்றைக்கு வீட்டிலேயே இல்லை. "இதுக்கு முன்னாடி தலைசுத்தல் இருந்துதா?" அதுவும் அவனிடம். நான் நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். மருந்துச் சீட்டைக்கூட என் கையில் கொடுக்கவில்லை, நல்ல கையை நீட்டியும். முப்பது வருடம் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவளுக்கு, தான் எப்படி விழுந்தோம் என்று சொல்லத் தெரியாதா? நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், டாக்டர் உங்களைப் பார்த்துக் கேட்டாலும் "அம்மாகிட்டயே கேளுங்க டாக்டர்" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அன்றைக்கு நான் ஏங்கினேன்.

வீட்டுக்கு வந்தபின் எதையும் தொட விடவில்லை. "நீ உட்காரும்மா, நாங்க பார்த்துக்கறோம்." அன்பினால் சொன்னதுதான். நானும் உட்கார்ந்தேன். கட்டுப் பிரிக்கும் நேரத்தில் சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கும் ஆளாகிவிட்டேன். உடைந்தது கைதான், ஆனால் தளர்ந்துபோனது கால். பயத்தில் நடமாட்டம் குறைகிறது, குறைந்தால் தசை இளைக்கிறது, இளைத்தால் தடுமாற்றம் கூடுகிறது, தடுமாறினால் பயம் இன்னும் கூடுகிறது. உங்கள் அம்மாவை இந்தச் சுழலுக்குள் விட்டுவிடாதீர்கள்.

விரல்களை மடக்கி நீட்டப் பழகுவதற்காகப் போன இடத்தில் ஒரு பிசியோதெரபி பெண் இருந்தாள். சின்ன வயதுதான். அவள்தான் முதன்முதலில் என் முகத்தைப் பார்த்து, "எப்படி விழுந்தீங்கம்மா, சொல்லுங்க" என்றாள். சொன்னேன். உடனே எழுந்து நிற்கச் சொன்னாள். முதலில் இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து 10 விநாடி. அடுத்து ஒரு பாதத்தை அரைப் பாதம் அளவு முன்னால் வைத்து 10 விநாடி. மூன்றாவது, ஒரு காலின் குதிகால் மறு காலின் விரல் நுனியைத் தொடும்படி ஒரே கோட்டில். நான்காவது ஒற்றைக்கால். மூன்றாவதில் எனக்கு நாலு விநாடிகூட நிற்க முடியவில்லை. அந்த நிலையில் 10 விநாடி நிற்க முடியாதவர்களுக்கு விழும் அபாயம் அதிகம் என்று அவள் விளக்கினாள். உங்கள் அம்மாவை இதைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள், ஆனால் அசையாத ஏதாவது ஒன்றுக்குப் பக்கத்தில், நீங்கள் அருகில் நிற்கும்போது மட்டும்.

உடம்பு விழாமல் நிற்பதற்கு மூன்று இடத்திலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது என்பதும் அவள் சொல்லித்தான் தெரிந்தது. கண், உள்காது, அப்புறம் பாதத்திலும் கணுக்காலிலும் இருக்கும் உணர்வு. மூன்றில் ஒன்று மங்கினால் மற்ற இரண்டும் ஈடுகட்டும். நான் தலையைத் திருப்பியபோது கண்ணும் உள்காதும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் போய்விட்டன. தரையில் இருந்த ஒற்றைக் காலுக்குத் தனியாகச் சமாளிக்கத் தெரியவில்லை.

இப்போது வீடியோவுக்கு வருகிறேன்.

யூடியூபில் தேடி முதலில் வந்ததைத் திறந்தேன். போனைத் தரையில் சுவரில் சாய்த்து வைத்தேன். அந்தப் பெண் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார், ஆனால் என்ன செய்கிறார் என்று பார்க்க நான் குனிந்து குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. என் கண்ணாடியில் கீழ்ப் பாதி படிப்பதற்கானது. அதன் வழியாகக் கீழே பார்த்தால் தரையே மங்கலாகத் தெரியும். மூன்றாவது நிமிடம் "இப்போது கண்ணை மூடுங்கள்" என்றார். மூடினேன். நல்லவேளை, பின்னால் கட்டில் இருந்தது, அதில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு நானாகக் கண்டுபிடித்த முறை இது. ஒரு வீடியோவை முதல் நாள் உட்கார்ந்தபடி முழுசாகப் பார்ப்பது, அவ்வளவுதான், பயிற்சி கிடையாது. இரண்டாம் நாள் திரையைக் கண் மட்டத்தில், முகத்துக்கு நேராக வைத்து, வேகத்தை 0.75க்குக் குறைத்துக் கூடவே செய்வது. நாலைந்து நாளில் வரிசை மனதில் நின்றுவிடும். அப்புறம் திரையைத் திருப்பி வைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டுச் செய்வது. நேரே சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. சமநிலைப் பயிற்சியில் திரையைப் பார்க்கும் வேலையே ஒரு தொந்தரவு என்பதை எந்த வீடியோவிலும் நான் கேட்டதில்லை.

எந்த வீடியோ என்று கேட்டீர்கள். சேனல் பெயர் சொல்வதைவிட எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறேன். செய்து காட்டுபவரின் பாதமும் தரையும் திரையில் தெரிய வேண்டும். இடுப்புக்கு மேலே மட்டும் காட்டுகிற வீடியோக்கள் ஏராளம். அவற்றை மூடிவிடுங்கள், நாம் பார்க்க வேண்டியதே பாதத்தைத்தான். பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்க வேண்டும், தடுமாறினால் என்ன செய்வது என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். தாளத்துக்கு ஏற்ப ஆடச்சொல்லும் பாட்டு பின்னால் ஓடக்கூடாது. 10, 15 நிமிடம் போதும். முதல் வீடியோவிலேயே கண்ணை மூடச் சொல்வது, தலையணை மேல் நிற்கச் சொல்வது, ஏழு நாளில் சரியாகும் என்று தலைப்பு வைப்பது, இவை எதுவும் வேண்டாம். கண்ணை மூடுவது நல்ல பயிற்சிதான், ஆனால் மேலே சொன்ன மூன்றில் ஒன்றை முழுசாக எடுத்துவிடுகிறோம் என்பதால் அது கடைசிப் படி.

தேடுவதற்குச் சில பெயர்கள் உதவும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான ஒட்டாகோ பயிற்சித் திட்டம் வீட்டில் செய்வதற்காகவே அமைக்கப்பட்டது. கால் வலிமையும் சமநிலையும் சேர்ந்து வரும். 80 வயதைத் தாண்டிய பெண்களை வைத்தே அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் தேடினால் பிசியோதெரபிஸ்டுகள் செய்து காட்டும் வீடியோக்கள் கிடைக்கும். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையின் தளத்தில் பக்கவாட்டில் நடப்பது, ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனிக்கு முன்னால் ஒட்டி வைத்து நடப்பது, ஒற்றைக்காலில் நிற்பது என்று எளிதாக விளக்கியிருக்கிறார்கள். மெதுவான அசைவுகளைக் கொண்ட சீனப் பயிற்சியான தாய் சி இன்னொரு வழி, ஆனால் அதில் வரிசையை மனப்பாடம் செய்யவே நாளாகும்.

மூட்டு அசைவுப் பயிற்சிகளில் நான் விடாமல் செய்வது கணுக்காலுக்கானவை. உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, வட்டமாகச் சுழற்றுவது, பிறகு நின்று குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்குவது. கணுக்கால் விறைத்திருந்தால் நடக்கும்போது விரல் நுனி தரையில் தட்டும். ஆனால் நீட்டி மடக்குவதோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், தொடைக்கு அதுபோல வேறில்லை.

"நடந்தாலே போதும், இதெல்லாம் எதற்கு" என்று யாராவது கீழே எழுதுவார்கள். நடப்பது நல்லது, நானும் நடக்கிறேன். ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு 2019இல் 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பயிற்சி செய்த முதியவர்கள் விழுவது 23 சதவீதம் குறைந்திருந்தது. அதில் உறுதியான பலன் தெரிந்தது சமநிலைக்கு வேலை கொடுக்கும் பயிற்சிகளில். நடை மட்டும் விழுவதைக் குறைக்கும் என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 65 வயதுக்கு மேல் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் சொல்கிறது.

நான் மருத்துவர் இல்லை. ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன்: படுக்கையில் புரளும்போது அறையே சுற்றினால் அது உள்காதுப் பிரச்சினையாக இருக்கலாம், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. எழுந்து நின்றதும் கண் இருட்டினால் ரத்த அழுத்தத்தையும் சாப்பிடும் மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தாலோ, சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ வீடியோவைத் தொடும் முன் நேரில் ஒருவரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லாத ஒருவரை "வீடியோ பார்த்துச் செய்வது ஆபத்து" என்று பயமுறுத்தி உட்கார வைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பிடித்துக்கொள்ள நாற்காலியைவிடச் சமையல் மேடையே நல்லது, அது நகராது. நாற்காலிதான் என்றால் சக்கரம் இல்லாததாக, சுவரை ஒட்டிப் போடுங்கள். காலுறை மட்டும் போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், வழுக்கும். முதலில் இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், அப்புறம் மேடைக்கு மேலே கை தொடாமல் நிற்கும். கணுக்கால் லேசாக ஆடும், ஆடட்டும். ஆடுவதும் திருத்திக்கொள்வதும்தான் பயிற்சி. ஒவ்வொரு விநாடியும் பிடிக்க வேண்டியிருந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

நாலு விநாடிகூட நிற்க முடியாத அந்த மூன்றாவது நிலையில் 10 விநாடி நிற்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்க நான்கு மாதம். இடது கால் இன்னும் வலது அளவுக்கு வரவில்லை.

இரண்டு மூன்று வீடியோக்களை எடுத்து வைத்துவிட்டு, எது பிடித்திருக்கிறது என்று அம்மாவையே கேளுங்கள். அவருக்குக் குரல் பிடிக்காத வீடியோவை அவர் மூன்றாம் நாள் செய்ய மாட்டார். முதல் வாரம் கூட நில்லுங்கள், பக்கவாட்டில், அரை அடி பின்னால். கையைப் பிடிக்காதீர்கள். அவர் கை மேடை மேல் இருக்கட்டும்.