கம்பளியிலேயே ஏறிய சாயம்

கேள்வி: பிரிட்டன் அரசியல்வாதி ஒருவரை 'டைட்-இன்-த-வுல் கன்சர்வேட்டிவ்' என்று ஆங்கில நாளிதழில் எழுதியிருந்தார்கள். கம்பளிக்கும் கட்சிக்கும் என்ன சம்பந்தம்? 'தீவிர' என்று தமிழில் போடலாமா?
– வாசகி ஒருவர், பழனி

பதில்: இந்த 'டை' சாவு இல்லை, சாயம். காதுக்கு இரண்டும் ஒன்றுதான், எழுத்து வேறு.

ஆட்டிலிருந்து கத்தரித்த கம்பளியை நூற்பதற்கு முன்பே சாயத்தில் முக்குவதைத்தான் இந்தச் சொல் காட்டுகிறது. நூற்ற பின் நூலுக்கும் சாயம் போடலாம், நெய்த பின் துணிக்கும் போடலாம். இதில் என்ன வித்தியாசம் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். என் அப்பா ஈரோட்டில் சாயப்பட்டறைத் தொழிலாளி. சாயம் போட்ட சிட்டா நூல் காய்ந்ததும் ஓர் இழையை எடுத்து, நகத்தால் முறுக்கைப் பிரித்துப் பார்ப்பார். வெளியே நல்ல சிவப்பாக இருக்கும், உள்ளே வெளுப்பு தெரியும். அப்படித் தெரிந்தால் அந்தக் கட்டு மறுபடி தொட்டிக்குப் போகும். முறுக்கு ஏறிய நூலுக்கே இந்தப் பாடு என்றால் நெருக்கி நெய்த துணியை யோசித்துப் பாருங்கள். உதிரியாகக் கிடக்கும் கம்பளியில் அந்தச் சிக்கல் இல்லை, ஒவ்வொரு மயிரிலும் சாயம் ஏறிவிடும். பிறகு துணியை வெட்டினாலும் அது தேய்ந்தாலும் உள்ளேயும் அதே நிறம்.

இங்கிலாந்தில் சஃபோக் பகுதியிலுள்ள லாவனம் என்ற ஊர் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் இப்படிக் கம்பளியிலேயே நீலம் ஏற்றிய துணிக்குப் பேர்போனது. வோட் என்ற செடியின் இலையிலிருந்து எடுத்த நீலம் அது. ஸ்காட்லாந்துத் தீவுகளில் நெய்யும் ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணிக்கு இன்றும் நூற்கும் முன்பே சாயம் போடுகிறார்கள். பல நிறக் கம்பளியைக் கலந்து நூற்பதால்தான் ஒரே இழையில் அத்தனை நிறம் தெரிகிறது.

தொழிலாளிகளின் இந்தப் பேச்சை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க அரசியல் மேடைகள் எடுத்துக்கொண்டன. கட்சி மாறாத, மாறவே முடியாத ஆள் என்று பொருள். பாராட்டாகவும் வரும், பிடிவாதக்காரர் என்ற குறையாகவும் வரும். முன்பின் வாக்கியங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, 'தீவிர' போடலாமா? எனக்குச் சம்மதமில்லை. நேற்றுக் கட்சியில் சேர்ந்தவரும் தீவிரமாக இருக்கலாம். இங்கே பேச்சு சாயத்தின் அழுத்தத்தைப் பற்றியதல்ல, அது எப்போது ஏறியது என்பதைப் பற்றியது. 'பழுத்த' என்றால் அனுபவம் என்று அர்த்தம் மாறிவிடும். நம்மிடம் 'சாயம் வெளுத்துப்போச்சு' என்ற வழக்கு இருக்கிறதே, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிற ஆள் இவர். நான் எழுதினால் 'ஊறிப்போன கன்சர்வேட்டிவ்காரர்' என்றே எழுதுவேன்.