முதலில் ஆர்டர், அப்புறம் இயந்திரம்: மகளிர் குழுக்களின் உணவுத் தொழில் பற்றிக் கேள்வி-பதில்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து 3 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறோம். ஊரில் உள்ள மகளிர் குழுவுக்கு முறுக்கு பிழியும் இயந்திரம் வாங்கித் தர ஆசை. எது நல்லது? (துபாயில் இருக்கும் வாசகர், சொந்த ஊர் மணப்பாறைப் பக்கம்)

பதில்: நல்ல மனசு. ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். நன்கொடையாக வந்த இயந்திரம் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடப்பதைப் பல ஊர்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஓரிடத்தில் மும்முனை மின்சாரம் இருக்காது. இன்னோரிடத்தில் பழுதானால் பார்க்க ஆள் இருக்காது. எல்லாம் சரியாக இருந்தாலும், அது ஒரு நாளில் பிழிந்து தள்ளும் முறுக்கை விற்கக் குழுவுக்கு ஒரு மாதம் ஆகும்.

அந்தப் பெண்களோடு உட்கார்ந்து மூன்று விஷயம் கேளுங்கள்: வாரம் எத்தனை கிலோ விற்கிறது, யார் வாங்குகிறார்கள், பணம் எப்போது கைக்கு வருகிறது. "கை ஓயவில்லை, வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்புகிறோம்" என்று அவர்களே சொன்னால் தாராளமாக இயந்திரம் வாங்குங்கள். அப்படி இல்லையென்றால் அரிசியும் எண்ணெயும் மொத்தமாக வாங்கிப்போட அந்தப் பணத்தைச் சுழல் நிதியாக, அதாவது விற்ற காசைத் திரும்பப் போட்டு மறுபடி மறுபடி எடுத்துக்கொள்ளும் பணமாகக் கொடுங்கள். கூடவே கவர் ஒட்டும் சின்ன மெஷின் ஒன்று போதும்.

லிஜ்ஜத் அப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1959-ல் மும்பையின் கிர்காவ் பகுதியில் 7 பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கியது. மாவை ஓரிடத்தில் பிசைந்து கொடுப்பார்கள். பெண்கள் வீட்டில் தேய்த்துக் காயவைத்துக் கொண்டுவந்தால் தரம் பார்த்துக் கூலி தருவார்கள். நன்கொடை வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் வெறும் கூலியாட்கள் அல்ல, பங்குதாரர்கள். எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

கேள்வி: அரசு 35 சதவீதம் மானியம் தருகிறதாமே? (திண்டுக்கல் வாசகி)

பதில்: பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தைச் சொல்கிறீர்கள். 2020-ல் வந்தது. திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். குறைந்தது 10 சதவீதம் உங்கள் பங்கு, மீதி வங்கிக் கடன். பலர் ஏமாந்துபோவது ஓரிடத்தில்தான்: மானியம் கையில் ரொக்கமாக வராது, கடன் கணக்கோடு சேர்ந்தே இருக்கும். குழு உறுப்பினர்களுக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதியும் இந்தத் திட்டத்தில் உண்டு. சிறிய குழுவுக்கு அதுதான் அதிகம் உதவும். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்திலும் மகளிர் திட்ட அலுவலகத்திலும் கேட்டுவிட்டு அலையுங்கள்.

கேள்வி: வீட்டில்தானே செய்கிறோம், உணவுப் பாதுகாப்புப் பதிவு அவசியமா?

பதில்: அவசியம். வீட்டுச் சமையலறையில் செய்து விற்றாலும் பதிவு வேண்டும். பதிவு செய்ததும் கிடைக்கும் 14 இலக்க எண்ணோடு சேர்க்கப்பட்ட பொருட்கள், எடை, தயாரித்த தேதி, விலை, முகவரி எல்லாம் பாக்கெட்டில் இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் போடும் கடலை மிட்டாய் மழைக்காலத்தில் பிசுபிசுக்கிறது. சில பாக்கெட்டில் சிக்கு வாடையும் வருகிறது. (விருதுநகர் மாவட்டக் குழு)

பதில்: வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் 'டக்'கென்று உடையவேண்டும். வளைந்தால் பதம் பத்தாது. முழுக்க ஆறியதும் அன்றைக்கே தடித்த கவரில் போட்டு ஒட்டிவிடுங்கள். சிக்கு வாடை பழைய கடலையிலிருந்து வருகிறது. வறுப்பதற்கு முன் சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். ஈரக் கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுத்தால் அது முழுதாகப் போகாது. இந்த மிட்டாயைச் சாப்பிடப்போவது குழந்தைகள், அதனால் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பெயரை வெளியூர்க்காரர்கள் அட்டையில் போடக்கூடாது. உங்கள் ஊர்ப் பெயரையே போடுங்கள்.

கேள்வி: விற்பனை நடக்கிறது, கையில் ஒன்றும் நிற்கவில்லையே?

பதில்: உங்கள் உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு பேச்சுக்கு, 10 கிலோ முறுக்குக்கு மாவு, எண்ணெய், கேஸ், கவர் 1,400 ரூபாய். கிலோ 200 ரூபாய்க்குக் கொடுத்தால் 600 ரூபாய் லாபம் என்று தோன்றும். நான்கு பேர் ஆறு மணி நேரம் அடுப்படியில் நின்றிருந்தால் மணிக்கு 25 ரூபாய்தான் வருகிறது! கூலியை முதலில் எழுதுங்கள், பிறகு விலை வையுங்கள்.

கேள்வி: நான் சென்னையில் ஒரு சாதாரண சம்பளக்காரன். என்னால் என்ன செய்ய முடியும்?

பதில்: தொடர்ந்து வாங்குங்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசுத் திட்டத்தின் மகளிர் குழுக்கள் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கான 'அமிர்தம்' சத்துமாவைச் செய்து தருகின்றன. மாதாமாதம் வாங்க ஆள் இருப்பதால் அந்தப் பெண்களுக்கு நிலையான வேலை கிடைக்கிறது. உங்கள் குடியிருப்பில் 20 வீடுகள் சேர்ந்து ஒரு குழுவிடம் மாதம் ஒருமுறை இட்லிப் பொடி, சத்துமாவு, வடகம் என்று சொல்லிவைத்து வாங்கலாம். பேரம் வேண்டாம், கடனும் வேண்டாம். சரக்கு வந்த அன்றே பணம் கொடுங்கள். உப்பு கூடியிருந்தால் அதையும் சொல்லுங்கள், அடுத்த மாதம் சரிசெய்துகொள்வார்கள்.