ஜிடபிள்யூடி-யில் தாய் மாட்யூல் பூட்டி வைத்த பிரவுசர் மதிப்பைச் சேய் மாட்யூலில் மாற்ற முடியுமா?

முடியும். ஜாவா நிரலை ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றும் கருவிதான் ஜிடபிள்யூடி (கூகுள் வெப் டூல்கிட்); அதன் அமைப்புக் கோப்பில் வரையறுக்கும் தொகுதிதான் மாட்யூல். பொது மாட்யூலில், எந்த பிரவுசருக்குக் கம்பைல் செய்வது என்று சொல்லும் யூசர்.ஏஜென்ட் மதிப்பு சஃபாரி என்று பூட்டியிருக்கிறது, அதை இன்ஹெரிட் செய்யும் உங்கள் மாட்யூலுக்கு ஃபயர்ஃபாக்ஸும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே இடத்தில் நான் இரண்டு நாள் முட்டி நின்றிருக்கிறேன்.

இப்படிப் பூட்டுவதற்குக் காரணம் உண்டு. ஜிடபிள்யூடி கம்பைலர் ஒவ்வொரு பிரவுசர் மதிப்புக்கும் தனி ஜாவாஸ்கிரிப்ட் உருவாக்கும். ஐந்து மதிப்பு, மூன்று மொழி என்றால் 15 முறை வேலை. ஒன்றாகக் குறைத்தால் நேரம் மிச்சம். நானும் அதற்காகத்தான் பொது மாட்யூலில், மதிப்பைப் பூட்டும் செட்-ப்ராப்பர்ட்டி வரியைப் போட்டேன். போட்டதை மறந்தும் போனேன். வாடிக்கையாளர் ஃபயர்ஃபாக்ஸில் திறந்ததும் ஒரு எச்சரிக்கைப் பெட்டி: கம்பைல் செய்த மதிப்பு சஃபாரி, ஓடும் மதிப்பு கெக்கோ1_8 (ஃபயர்ஃபாக்ஸுக்கான மதிப்பு), இரண்டும் பொருந்தவில்லை, இன்னும் பிழைகள் வரலாம். அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

சரி, தீர்வு. மாட்யூல் கோப்பை மேலிருந்து கீழாகத்தான் படிக்கிறது. இன்ஹெரிட்ஸ் வரி வந்த இடத்திலேயே தாய் மாட்யூல் முழுவதும் உள்ளே வந்துவிடும். கடைசியாக வந்த செட்-ப்ராப்பர்ட்டிதான் நிற்கும். ஆகவே உங்கள் கோப்பில் இன்ஹெரிட்ஸ் வரிகள் எல்லாம் முடிந்த பிறகு, "சஃபாரி,கெக்கோ1_8" என்று காற்புள்ளியிட்டு மறுபடி செட் செய்யுங்கள். நான் அதை இன்ஹெரிட்ஸுக்கு மேலே எழுதியிருந்தேன். தாயின் வரி பின்னால் வந்து என்னுடையதை அழித்துவிட்டது. அந்த இரண்டு நாளும் போனது இதில்தான்.

ஆனால் உங்களுக்குப் பொது மாட்யூலைத் திருத்தும் உரிமை இருந்தால், அந்த வரியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள் என்பேன். டெவலப்மென்ட்டுக்கென்று ஒரு குட்டி மாட்யூல் வைத்து, முதன்மை மாட்யூலை அதில் இன்ஹெரிட் செய்து, பூட்டை அங்கே மட்டும் போடுங்கள். மாட்யூலின் வெளிப்பெயரை மாற்றும் ரினேம்-டூவில் முதன்மை மாட்யூலின் பெயரையே கொடுத்தால் எச்டிஎம்எல் பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

டேப்லெட்டுக்குத் தனி வடிவம் வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கு யூசர்.ஏஜென்ட்டைத் தொடாதீர்கள். குரோம்கூட அதில் சஃபாரி என்றுதான் வரும், ஐஈ11 (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11) கெக்கோ1_8 ஆக வரும். அந்த மதிப்பு சொல்வது எஞ்சினின் நடத்தையை, திரையின் அளவை அல்ல. டெஸ்க்டாப், மொபைல் என்று சொந்தமாக ஒரு ப்ராப்பர்ட்டி வையுங்கள். அப்புறம் எக்ஸ்டெண்ட்-ப்ராப்பர்ட்டியில் டேப்லெட்டைச் சேர்த்து, ஃபால்பேக்-வேல்யூவாக (தனி விதி இல்லாதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பு) மொபைலைக் கொடுங்கள். ஒரு கிளாஸுக்குப் பதில் இன்னொன்றை வைக்கச் சொல்லி மொபைலுக்கு எழுதிய ரிப்ளேஸ்-வித் விதிகள் எல்லாம் டேப்லெட்டுக்கும் தானாகக் கிடைக்கும், மாறுபடும் இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் புது விதி எழுதினால் போதும். இரண்டும் பொருந்தும் இடத்தில் டேப்லெட் என்று நேராகச் சொன்ன விதியே ஜெயிக்கும். எனக்கு ஜிடபிள்யூடி-யில் மிகவும் பிடித்த வசதி இது.

பிரவுசரில் ஓடி எந்த மதிப்பு என்று கண்டுபிடிக்கும் ப்ராப்பர்ட்டி-புரோவைடரில் டேப்லெட் என்ற மதிப்பைத் திருப்பித் தரும் வரியையும் சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் கம்பைல் ஆன டேப்லெட் கோப்பு யாருக்கும் போய்ச் சேராது.