மாங்காய் மண்டியும் ஐந்து மாணவர்களும்

கேள்வி: என் மகள் பி.ஆர்க் (கட்டடக்கலை) இரண்டாம் ஆண்டு. பாடமே நடத்தாமல், 'கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி ஒன்றை வடிவமையுங்கள்' என்று ஐந்து பேரிடம் ஆறு வார வேலை கொடுத்துவிட்டார்களாம். இப்படியும் படிப்பு வருமா?
– வாசகி, தருமபுரி

பதில்: வரும். ஸ்டுடியோவில், அதாவது வடிவமைப்பு வகுப்பில், கணக்கு (தீர்க்க வேண்டிய சிக்கல்) முதலில் வரும், பாடம் பிறகுதான். கணக்கைப் போட என்னென்ன தெரிய வேண்டுமோ, அதை மாணவர்களே தேடிப் போக வேண்டும்.

முதல் வாரம் கட்டடம் வரையவே கூடாது. விடியற்காலையில் மண்டிக்குப் போய், டேப்பும் கையுமாக நிற்க வேண்டும். லாரித் தளத்துக்குச் சமமாக 1.2 மீட்டர் உயர மேடை போடுவது வழக்கம். ஆனால் விவசாயி வருவது 'குட்டி யானை' என்னும் சிறு சரக்கு வண்டியில். அதன் தளம் இன்னும் தாழ்வு. ஒரே உயரத்தில் மேடை போட்டால் ஒவ்வொரு கிரேட்டையும் சுமையாள் தூக்கி ஏற்ற வேண்டியிருக்கும். அப்படியானால் சரக்கு இறக்க ஒரு மட்டம், லாரியில் ஏற்ற ஒரு மட்டமா? நடுவே உள்ள சரிவு எவ்வளவு? கேள்வி இப்படி முளைத்த பிறகு படிக்கும் பாடம் மறக்காது.

வெயிலும் அப்படித்தான். 'வடக்கில் வெயில் வராது' என்று நம்பி அந்தப் பக்கத்தைத் திறந்து விடுவார்கள். கிருஷ்ணகிரி சுமார் 12.5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மாங்காய் சீசனும் அதற்குள்தான். ஜூனில் 3 மீட்டர் உயரத் திறப்புக்கு நண்பகல் நிழல் தர 60 செ.மீ. சன்ஷேடு போதும். காலையும் மாலையும் வடகிழக்கு, வடமேற்கிலிருந்து தாழ்வாக வரும் வெயிலுக்கு அது உதவாது, பக்கவாட்டுத் தடுப்பு வேண்டும்.

குழு கெடுவது ஒரே இடத்தில்: 'நீ பிளான், நான் செக்ஷன் (குறுக்குவெட்டுப் படம்), அவள் மாடல்' என்று ஷீட் ஷீட்டாகப் பிரிப்பது. கடைசி வாரம் சேர்க்கும்போது ஒருவர் கோப்பு மில்லிமீட்டரில், இன்னொருவருடையது மீட்டரில் இருக்கும். பிளானில் மேடை 0.9, செக்ஷனில் 1.2. முதல் நாளே பொதுக் கோப்பு ஒன்று திறந்து அலகு, வடக்கு, பூஜ்ய மட்டம் (உயரத்தை எங்கிருந்து அளப்பது) மூன்றையும் பூட்டிவிடச் சொல்லுங்கள். ஷீட்டுக்குப் பதில் சிக்கலைப் பிரிக்க வேண்டும். லாரி சுற்றும் பாதையை எடுத்தவர் அதையே பிளான், செக்ஷன், மாடல் மூன்றிலும் கொண்டுபோக வேண்டும்; மழைநீரை எடுத்தவரும் அப்படியே. அதற்கு முன், ஐந்து பேரும் தனித்தனியே 1:500 அளவில் (500-ல் ஒரு பங்காக) அட்டை மாடல் செய்து ஒரே மனைத் தளத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது அவசியம். இதைத் தவிர்க்கும் குழுவில் உரக்கப் பேசுபவரின் யோசனையே ஜெயிக்கும்.

கேள்வி: ஒருவர் உழைக்க, நால்வர் மதிப்பெண் வாங்கினால்?
– மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: ஜூரியில் (வேலையை மதிப்பிடும் குழுவின் முன்) மாடல் செய்தவரிடம் வடிகால் சரிவைக் கேட்பார்கள், உழைக்காதவர் அங்கேயே தெரிந்துவிடுவார். எந்த முடிவை, யார், ஏன் மாற்றினார் என்று தேதியிட்ட குறிப்பேடு ஒன்றைக் குழுவாக வையுங்கள். உங்கள் ஸ்கெட்ச் புத்தகத்தையும் தனியாகக் கொண்டுபோங்கள்.