தெரிந்திருந்தும் ஏன் தவறுகிறோம்?

கேள்வி: எச்.ஐ.வி எப்படிப் பரவும் என்று நன்றாகத் தெரியும். ஆணுறையும் கையில் இருக்கும். ஆனாலும் சில சமயம் அது இல்லாமலே உறவு நடந்துவிடுகிறது. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா?

பதில்: மனக்கட்டுப்பாட்டின் மீது பழி போட்டுப் பயனில்லை. பாதுகாப்புக்குத் தகவல் மட்டும் போதாது. செய்ய வேண்டும் என்ற விருப்பமும், செய்துமுடிக்கும் பழக்கமும் வேண்டும் என்று ஃபிஷர் சகோதரர்கள் என்ற உளவியலாளர்கள் 1992-லேயே விளக்கினார்கள். பெரும்பாலான பிரசாரங்கள் தகவலோடு நின்றுவிடுகின்றன.

அமைதியாக இருக்கும்போது எடுத்த முடிவு கிளர்ச்சியின் நடுவே செல்லுபடியாவதில்லை. மது உள்ளே போனால் கண்முன் இருப்பது மட்டுமே பெரிதாகத் தெரியும். நாளைய ஆபத்து மங்கிவிடும். ஆகவே முடிவை அந்த நேரத்துக்கு விட்டுவைக்காதீர்கள். "கவனமாக இருப்பேன்" என்பது திட்டமல்ல. "அறைக்குள் போனதும் ஆணுறையைக் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வைப்பேன்" என்பதுதான் திட்டம்.

சொல்லத் தயங்குவது இன்னொரு சிக்கல். கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களோ என்ற கூச்சம். பேச்சை உங்களைப் பற்றியதாக வையுங்கள்: "ஆணுறை இல்லாமல் எனக்குச் சரிவராது." எதிராளி வாதாடினால் காரணம் அடுக்காமல் அதே வரியைத் திரும்பச் சொல்லுங்கள். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருந்தால் அங்கே தயங்காமல் சொல்ல வரும்.

ஆணுறையைப் பர்ஸில் வைக்காதீர்கள். சூட்டிலும் உரசலிலும் ரப்பர் நைந்துபோகும். எண்ணெய், வாசலின் தடவினாலும் கிழியும். நீர் சார்ந்த வழவழப்புக் களிம்பு சரி.

கேள்வி: நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் முழுமையாக நம்புகிறோம். இனி ஆணுறை தேவையா?

பதில்: நம்பிக்கை இனி நடப்பதற்கு. தொற்று இருந்தால் அது பழையதாகவும் இருக்கலாம். பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாது. இருவரும் பரிசோதனை செய்யுங்கள். கடைசியாக ஆபத்து நேர்ந்த நாளிலிருந்து, ரத்தக் குழாயில் எடுத்த ரத்தத்தை ஆய்வகத்தில் பார்க்கும் ஆன்டிஜன்-ஆன்டிபாடி சோதனைக்கு (வைரஸின் கூறையும் அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் தேடுவது) 45 நாள், வீட்டில் செய்யும் விரைவுச் சோதனைக்கு 90 நாள் கழிந்திருக்க வேண்டும். அதற்கு முன் வரும் 'நெகட்டிவ்' முடிவானதல்ல. அதுவரை ஆணுறை தொடரட்டும்.

கேள்வி: நேற்றிரவு ஆணுறை கிழிந்துவிட்டது. பரிசோதனைக்குப் போகவே பயமாக இருக்கிறது.

பதில்: இன்றே மருத்துவரிடம் போங்கள். ஆபத்துக்குப் பிந்தைய தடுப்பு மருந்தை (பெப்) 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள், ஒரு நாளும் விடாமல். சிலர் சறுக்குவது இடையில்தான்: பதற்றம் தணிகிறது, குமட்டல் தொந்தரவு செய்கிறது, "ஒன்றும் ஆகியிருக்காது" என்று மனம் சமாதானம் சொல்கிறது. குமட்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பயப்படுவது முடிவைப் பற்றி என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: சிகிச்சையால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி பரவாது. இப்படிப்பட்ட ஆபத்து அடிக்கடி நேர்கிறதென்றால், முன்கூட்டியே எடுக்கும் 'பிரெப்' மருந்து உங்களுக்குப் பொருந்துமா என்று அதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.