வாசகர் கேள்வி: நன்றி எழுதும் நோட்டே பாரமாகிவிட்டதே?

கேள்வி: மொரீஷியஸின் தலைநகரான போர்ட் லூயிஸில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஜனவரி வந்தால் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆண்டுக் கணக்கு முடிப்பு, பிள்ளைகளின் பள்ளித் திறப்பு, தைப்பூச விரதம், இவற்றோடு பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமனாருக்குப் பணிவிடை. தினமும் இரவில் ஐந்து நன்றிகளை எழுதினால் மனம் லேசாகும் என்று தோழி ஒரு நோட்டு வாங்கித் தந்தாள். நான்கு நாள் எழுதினேன். ஐந்தாம் நாளிலிருந்து ‘குடும்பம், உடல்நலம், வேலை’ என்று அதையேதான் எழுதுகிறேன். அதே ஊரில் இருந்தும் அப்பாவை எட்டிப் பார்க்காத கொழுந்தனாரை நினைத்தால் நன்றி எங்கிருந்து வரும்? நான் நன்றி கெட்டவளா? அந்த நோட்டைத் தூக்கி எறிந்துவிடலாமா?
– ஒரு வாசகி, ரோஸ் ஹில்

பதில்: நன்றி கெட்டவர்கள் இப்படிக் கடிதம் எழுதிக் கேட்பதில்லை, சகோதரி. பழுது உங்களிடம் இல்லை. தினமும் ஐந்து என்ற கணக்கில்தான் இருக்கிறது. அலுவலகத்தில் கணக்கு முடித்து வந்தவரை இரவிலும் கணக்கு எழுத வைத்தால் கை சலிக்கத்தானே செய்யும்?

இந்தப் பழக்கத்தைப் பரவலாக்கிய ஆய்வுகளுள் ஒன்றை அமெரிக்க உளவியலாளர்களான ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்டார்கள். அதன் முதற்பகுதியில் மாணவர்கள் பத்து வாரங்களுக்கு வாரம் ஒருமுறைதான் எழுதினார்கள். தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிட, நன்றிக்குரியவற்றைப் பட்டியலிட்டவர்கள் தங்கள் வாழ்க்கையைக் குறித்து நிறைவாக உணர்ந்தார்கள். உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கி குழுவினரின் ஆய்விலோ, வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குக் கிடைத்த பலன் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை ஒருநாள் எழுதினால் போதும், அதுவும் ஒரே ஒரு செய்தி.

ஆனால் அந்த ஒன்றைக் கண்ணால் பார்த்தது போல எழுதுங்கள். திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் ‘செய்ந்நன்றியறிதல்’ என்று பெயர். பழந்தமிழில் நன்றி என்றால் செய்யப்பட்ட நன்மை; நாம் செய்ய வேண்டியது அதை அறிவது. நாள் முழுவதும் பேருந்திலும் கடையிலும் பிரெஞ்சில் ‘மெர்சி’ (நன்றி) என்று சொல்லிக்கொண்டே போகிறோமே, அதில் எத்தனை முறை எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறோம்? ‘குடும்பத்துக்கு நன்றி’ என்பதும் அப்படிப்பட்ட மெர்சிதான். அதற்கு மாறாக, ‘செவ்வாய் மாலை நான் மெட்ரோவில் வந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது, பக்கத்து வீட்டு அம்மா கொடியிலிருந்த பிள்ளைகளின் சீருடையை எடுத்து, மடித்து, கழன்றிருந்த ஒரு பொத்தானையும் தைத்து வைத்திருந்தார்’ என்று எழுத ஒன்று கிடைத்தால், யார், எந்நேரத்தில், கேட்காமலே எதைச் செய்தார் என்பது உங்களுக்கே தெளிவாகத் தெரியும். எழுதியதோடு நிறுத்தாமல் மறுநாள் வேலிக்கு இப்பால் நின்று, ‘அந்தப் பொத்தானைப் பார்த்தேன், அம்மா’ என்று சொல்லிவிடுங்கள். அதற்கு அரை நிமிடம் போதும். நோட்டில் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட நேரில் சொல்லும் சொல்லுக்கு வலிமை அதிகம் என்பது என் அனுபவம்.

கொழுந்தனார் விஷயம் வேறு. அதை நன்றியால் மூடி மறைக்காதீர்கள். நம் குடும்பங்களில் பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினால், ‘கடவுள் கொடுத்ததற்கு நன்றி சொல்லு’ என்று வாயை அடைக்கும் வழக்கம் ஒன்று உண்டு; எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்கள் கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘தம்பி, ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து பகல் இரண்டு மணி வரை அப்பாவை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று நாளும் நேரமும் குறித்துக் கேளுங்கள். பொதுவாகக் குறைப்பட்டுக்கொண்டால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் வந்து உட்கார்ந்தால், அந்த வாரம் எழுத வேண்டியது அதுவாகவே இருக்கட்டும். வராவிட்டால் பொய்யாக எதையும் எழுத வேண்டாம்.

விரத நாட்களில் வேலைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்தன்று ஏழு கறியையும் நீங்களே சமைக்க வேண்டும் என்று எந்த முருகனும் கேட்கவில்லை. கோயிலில் வாழையிலையில் பரிமாறுவதை உட்கார்ந்து சாப்பிட்டு வாருங்கள்.

நோட்டை எறிய வேண்டாம். வெள்ளிக்கிழமைக்கு ஒரு பக்கத்தை ஒதுக்கிவிட்டு, மற்றப் பக்கங்களில் மாமனாரின் மருந்து வேளைகளையும், யார் எந்த வேளை கொடுப்பது என்பதையும் எழுதி வையுங்கள். அதில் கொழுந்தனாரின் பெயரும் இருக்கட்டும்.