மழைக்காட்டு மூலிகைகள்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அமேசானில் அம்பில் விஷம் தடவி வேட்டையாடுகிறார்களே அக்கா, அந்தக் கறியைச் சாப்பிட்டால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாதா?

ஆகாது. அது குராரே, காட்டுக்கொடிகளின் பட்டையைக் கொதிக்கவிட்டுச் சுண்டக் காய்ச்சி எடுப்பது. ரத்தத்தில் ஏறினால்தான் ஆளைக் கொல்லும். குடல் வழியாக உடம்பில் சேர்வது மிகமிகக் குறைவு. அம்பு பட்ட விலங்கின் தசைகளுக்கு நரம்பின் கட்டளை போய்ச் சேராது, ஒவ்வொன்றாகத் தளர்ந்து கடைசியில் மூச்சும் நின்றுவிடும், ஆனால் அதுவரை நினைவு தப்பாது, அதுதான் கொடூரம். இந்தத் தளர்ச்சியே அறுவை சிகிச்சைக்கு உதவும் என்று 1942-ல் மான்ட்ரியலில் கிரிஃபித்தும் ஜான்சனும் மயக்க மருந்தோடு சேர்த்துக் கொடுத்துக் காட்டினார்கள். இன்று குராரேயையே கொடுப்பதில்லை, ஆனால் அதே வழியில் வேலை செய்யும் செயற்கை மருந்துகள் உண்டு.

கேள்வி: சரி, அதற்கு முறிவு உண்டா?

உண்டு, அதுவும் இன்னொரு விஷம்! மேற்கு ஆப்பிரிக்காவில் கலபார் கொட்டை என்று ஒன்று. முன்பெல்லாம் குற்றம் சாட்டப்பட்டவரை அதை விழுங்க வைப்பார்கள், வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி. அதிலுள்ள பைசோஸ்டிக்மைன் குராரேயை முறிக்கும் என்று 1900-ல் தெரிந்தது. மயஸ்தீனியா என்ற தசைத்தளர்ச்சி நோய் குராரே ஏறியது போலவே இருக்கிறதே என்று யோசித்த மருத்துவர் மேரி வாக்கர் 1934-ல் அந்தப் பைசோஸ்டிக்மைனையே ஊசியாகப் போட, நோயாளிக்குத் தசை பலம் திரும்பியது. இந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

கேள்வி: மலேரியாவுக்குச் சிங்கோனா பட்டைக் கஷாயம் குடிக்கலாமா?

வேண்டாம். பட்டையில் இருக்கும் மருந்துப்பொருளான குவினைனின் அளவு மரத்துக்கு மரம் மாறும். குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் காது இரையும், பார்வையும் இதயமும் பாதிக்கப்படலாம். 1820-லேயே குவினைனைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள், அப்புறம் எதற்குப் பட்டை?

கேள்வி: நித்தியகல்யாணி இலை புற்றுநோயைக் குணமாக்குமாமே?

தயவுசெய்து இலையை அரைத்துக் குடிக்காதீர்கள், நச்சு. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் இரண்டும் அதிலிருந்து வந்தவைதான், ஆனால் இலையில் இருப்பது துளியூண்டு. பிரித்துச் சுத்தமாக்கி, அளந்து ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். நாட்டு வைத்தியத்தில் இந்த இலை சர்க்கரை நோய்க்கானது. கனடாவில் அதைச் சோதிக்கப் போய்த்தான் எலிகளுக்கு வெள்ளை அணுக்கள் குறைவதைப் பார்த்தார்கள். இன்னொன்று, மடகாஸ்கர் செடி என்பதால் எல்லாரும் இதை மழைக்காட்டுப் பட்டியலில் சேர்க்கிறார்கள், ஆனால் இது வெயில் படும் திறந்த வெளியில் வளர்வது.

கேள்வி: டிராகன் ரத்தம் என்கிறார்களே?

பல மரங்களுக்கு அந்தப் பெயர். அமேசானில் குரோட்டன் மரத்தின் சிவப்புப் பால். புண்ணில் தடவினால் காய்ந்து தோல் மாதிரி மூடிக்கொள்ளும், வயிற்றுப்போக்குக்கும் குடிப்பார்கள். அதிலிருந்து எடுத்த குரோஃபெலமருக்கு 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, எச்.ஐ.வி. நோயாளிகளின் வயிற்றுப்போக்குக்காக.

கேள்வி: சொல்லிக் கொடுத்த பழங்குடிகளுக்கு என்ன கிடைத்தது?

பெரும்பாலும் ஒன்றுமில்லை. அகத்தியமலைக் காணிகள் ஒரு விதிவிலக்கு. 1987-ல் உடன் வந்த காணிகள் ஏதோ பழத்தைத் தின்றபடி களைக்காமல் நடப்பதைப் பார்த்து ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதன் இலையிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று ஒப்பந்தமானது. ஆனால் காட்டில் இலை பறிக்க வனத்துறை ஒத்துக்கொள்ளாததால் மருந்துக்கு மூலப்பொருள் கிடைப்பதே சிக்கலாகிவிட்டது.